ரூ பெர்தொனேயில் ரூட் பியர்

14 ஜூன் 2022, செவ்வாய், காலை 9.10. நியூ ஜெர்சியில் மகன் வீட்டில் இரண்டு மாதம் இருந்துவிட்டு, யாழ்ப்பாணம் திரும்பும் வழியில் பாரிசில் இறங்கினேன். பெட்டி வந்து சேரும்வரை நிம்மதி இல்லை. பெட்டிக்குள் நான்கு டின் ரூட் பியர் இருந்தது. ஒவ்வொன்றும் 355 மில்லிலீட்டர், ஒவ்வொன்றும் ஒரு காலுறைக்குள். ஒன்று வெடித்தாலும் என் வேட்டிகள் ஆறும் கறுத்துவிடும். கடவுள் புண்ணியத்தில் வெடிக்கவில்லை.

கார் து நோர் நிலையத்துக்கு ரயில் கட்டணம் பத்து யூரோ முப்பது சதம். அங்கே குலம் காத்து நின்றான். என் சின்னம்மாவின் மகன். இருபத்திரண்டு வருடமாகத் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் சமையல்காரன், குடியிருப்பது புறநகரான சார்செலில்.

அவனுக்காகத்தான் பயணச்சீட்டை மாற்றி மூன்று நாள் இங்கே தங்கினேன். ஏப்ரலில் தொலைபேசியில், "அண்ணை, சமையலை விடப்போறன். ஜூலையிலை தொடங்கிற நெத்துவாயாஜ் வேலை ஒண்டு கிடைச்சிருக்கு" என்றான். அலுவலகங்களைக் கூட்டித் துடைக்கும் வேலை. ஏனென்று கேட்டால், "சும்மா." அவனுடைய ஆட்டுக்கறிக்காக லண்டனிலிருந்து ஆட்கள் வருவார்கள். அப்படிப்பட்டவன் சும்மா அடுப்பை விடுவானா? எனக்கு இரண்டு மாதமாக நித்திரை குறைவு. அவன் வீட்டுக்குப் போகும் ரயிலில் மறுபடி கேட்டேன். யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிற்பகல் 3.30. ரூ பெர்தொனேயில் அவன் சமைக்கும் உணவகம். எட்டு மேசை, முப்பத்தொரு கதிரை. மதியக் கூட்டம் கலைந்து, இரவுக் கூட்டம் வருமுன் கிடைக்கும் அமைதியான நேரம். முதலாளி புனிதா கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். மூலையில் முசியே லூர்து. பாண்டிச்சேரிக்காரர், பிரெஞ்சு அரசு வேலையில் ஓய்வு பெற்றவர், நாள்தோறும் இங்கே தேநீர் குடிப்பவர். மூன்று டின்களைக் குளிர்பெட்டியில் வைத்துக் குளிரவிட்டு, நான்கு எவர்சில்வர் டம்ளர்களில் பங்கிட்டேன். ஒரு டின்னைக் குலத்தின் வீட்டுக்கென ஒதுக்கினேன்.

"என்ன மாஸ்டர், கோயிலுக்குப் போட்டு வந்தவளுக்குப் பியர் ஊத்துறியள்?" என்றார் புனிதா. ஊரில் நான் பள்ளி ஆசிரியனாக இருந்தது அவருக்குத் தெரியும்.

இது மதுவில்லாத குளிர்பானம், பெயரில் மட்டும்தான் பியர் என்று விளக்கினேன். அமெரிக்காவின் பழங்குடிகள் வேர்களையும் பட்டைகளையும் அவித்துக் குடித்தார்கள். வந்து குடியேறியவர்கள் அதில் சீனியும் ஈஸ்டும் சேர்த்து நுரைக்க வைத்தார்கள். பிறகு பிலடெல்பியாவில் ஒரு மருந்துக்கடைக்காரர் அதை வேர்த்தேநீர் என்று விற்க நினைத்தாராம். சுரங்கத் தொழிலாளர் தேநீர் என்றால் திரும்பியும் பார்க்கமாட்டார்கள், பியர் என்று சொல் என நண்பர் ஒருவர் திருத்தினாராம். முதன்மையான வேர் சசாபிராஸ். அதன் எண்ணெய் உடம்புக்கு ஆகாது என்று அறுபதுகளில் அமெரிக்க அரசு தடைசெய்துவிட்டதால் இப்போது வருவது செயற்கை மணம். கூடவே வனிலா, சில தயாரிப்புகளில் மணத்தில் நம் நன்னாரிக்கு ஒன்றுவிட்ட சகோதரம் போன்ற சர்சபரில்லா, விண்டர்கிரீன் என்னும் இலையின் வாசனை.

"பள்ளிக்கூடம் விட்டும் பாடம் முடியேல்லை. குடிப்பமோ?" என்றார் புனிதா.

குடித்தோம். புனிதா வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயோ, முழங்காலுக்குப் பூசுற தைலம்!"

"எம் பொண்டாட்டி ராத்திரி தடவுவாளே, அந்தப் பொமாத் தான்யா இது," என்றார் லூர்து. "பக்கத்துல படுக்க முடியாது. அதைப் போயி குடிக்கச் சொல்றீங்களே மாஸ்டர்!"

அவர்கள் சொன்னது சரி. வலித்தைலத்தில் இருப்பதும் விண்டர்கிரீன் வாசனைதான். முதல் முறை குடித்தபோது நானும் மகன் வீட்டுத் தொட்டியில் துப்பினேன். பழகித்தான் பிடித்தது.

குலம் மட்டும் டம்ளரை ஒரே மூச்சில் குடித்து வைத்தான். "நல்லாயிருக்கு அண்ணை. கோலா மாதிரி."

லூர்து சிரிப்பை நிறுத்தினார். புனிதா அவனைப் பார்த்தார். "குலம், உனக்கு மணக்கேல்லையோ?"

அவன் டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தான். "இல்லை அக்கா. ரெண்டு வருசமா ஒண்டும் மணக்கேல்லை. அந்தக் கொரோனாக் காய்ச்சலோடை போனது."

"கறி எல்லாம் சரியாத்தானே இருக்கு? ஒருத்தரும் குறை சொல்லேல்லையே!"

"அது கை பழகினது. கண்ணாலை பாத்துச் செய்வன். காஸ் மணத்துக்குக் கை பழகாது அக்கா. ஏப்ரலிலை ஒருநாள் அடுப்பு அணைஞ்சு காஸ் போய்க்கொண்டு இருந்தது. நான் பக்கத்திலை நிண்டு வெங்காயம் வெட்டுறன். தண்ணி கொண்டுவந்த பெடியன்தான் கத்தினவன். மேலை நாலு மாடி சனம். உங்களையும் சேத்துக் கொளுத்திப்போடுவன் எண்டு பயம் வந்திட்டுது."

புனிதா தன் டம்ளரைத் தள்ளிவைத்தார். "விசரா, இதை எனக்குச் சொல்ல ரெண்டு வருசமோ? நாளைக்கே காஸ் அலாரம் பூட்டுறன். காலமை அடுப்பு மூட்டேக்கை நான் மணந்து பாக்கிறன்."

"சாயந்தரம் நான் வர்றேன்," என்றார் லூர்து. "ரித்ரேத்தானே, ஓய்வுல இருக்கறவனுக்கு வேற என்ன வேலை? மூக்கு மட்டும் நல்லா இருக்கு. தேத்தண்ணிக்குக் காசு வாங்கக் கூடாது, சொல்லிட்டேன்."

"அதுதானே பாத்தன்!" என்றார் புனிதா.

குலம் முகத்தைத் துடைத்தான். பிறகு என்னிடம், "அண்ணை, உண்மையா இது என்ன மணம்?" என்று கேட்டான். வனிலா, பெருஞ்சீரகம், கொஞ்சம் நன்னாரி, மேலே தைலம் என்று மூவரும் சண்டை போட்டபடி சொன்னோம். மருத்துவர்கள் கிராம்பையும் எலுமிச்சையையும் தினமும் முகர்ந்து பழகச் சொல்கிறார்கள், சிலருக்குத் திரும்பியிருக்கிறது என்றும் சொன்னேன். உறுதி சொல்ல என்னால் முடியாது, அதையும் சொன்னேன்.

வியாழன், காலை 10.20. விடைபெறப் போனேன். சுவரில் புதிய அலாரம். குலம் கறித்தூளுக்கு மல்லியும் மிளகாயும் வறுத்துக்கொண்டிருந்தான். "அண்ணை, ஓடி வாங்கோ. வறுத்தது காணுமோ, போதுமோ?" முகர்ந்தேன். "இன்னும் கொஞ்சம்." அவன் கிளறினான். "இப்ப காணும்," என்றேன். சட்டென்று சட்டியை இறக்கினான். அந்த நெத்துவாயாஜ் வேலை என்ன ஆயிற்று என்றேன். "ஆருக்கு நேரம் இருக்கு அண்ணை?" என்றான். அந்தப் பதிலைத் தவிர எனக்கு வழிநெடுக வேறு எதுவும் தேவைப்படவில்லை. அந்த உணவகத்தில் இருந்த ஒவ்வொருவருக்கும் மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டே விமான நிலையம் போனேன்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் பக்கத்து வீட்டில் வாரம் மூன்று நாள் கருவாடு பொரிப்பார்கள். அந்த நாற்றம் தாங்காமல் வேலியருகே நின்று நான் முறையிடுவது வழக்கம். நான் வந்து இறங்கிய மாலையும் பொரித்தார்கள். எழுந்து போய், மணம் உள்ளே வரட்டும் என்று யன்னலை நன்றாகத் திறந்துவிட்டேன்.