லேப்டாப் சேராத ஒன்பது நாள்

என் மனைவிக்குத் தைராய்டு ஆபரேஷன் மதுரையில் நடந்தது. கட்டியை எடுத்துவிட்டார்கள். பரிசோதனையில் பயப்பட ஒன்றுமில்லை என்றும் வந்துவிட்டது. ஆனால் குரல் போய்விட்டது. குரல்நாணுக்குப் போகிற நரம்பு கட்டியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, அது கொஞ்ச காலம் சோர்ந்துபோகலாம் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் செய்தார். அதுபோலவே ஆனது. வாயைத் திறந்தால் காற்று மட்டும் வந்தது. குசுகுசுவென்றுகூடப் பேசக் கூடாது, அது தொண்டையை இன்னும் கெடுக்கும் என்று சொல்லி அனுப்பினார்கள். அன்றிலிருந்து அவள் கையில் ஒரு நோட்டும் பேனாவும் இருந்தன.

நான் புளியங்குடி எலுமிச்சை மண்டியில் ஏலம் கூறுகிறவன். காலையில் பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குச் சங்கரன்கோவில் திரும்பிவிடுவேன். வருஷக்கணக்காகக் கத்திக் கத்தி, வீட்டில் நான் தண்ணீர் கேட்டாலும் தெருவுக்குக் கேட்கும். அவள் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனை லேபில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவள். அளந்து பேசுவாள். எங்கள் வீட்டில் சத்தம் என்னுடையது, பேச்சு அவளுடையது. அது நின்றபோது வீடு எப்படி இருந்தது என்று சொல்ல எனக்கு வரவில்லை. டிவியை எந்நேரமும் ஓடவிட்டேன், அவ்வளவுதான் தெரியும்.

குரல் திரும்புவதற்குப் பயிற்சி உண்டு. மதுரையிலிருந்து பயிற்சி தருகிற அம்மா ஒருவர் செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் நாலு மணிக்கு வீடியோவில் வருவார். சுவரை இரண்டு கையாலும் தள்ளிக்கொண்டு ‘ஆ’ என்று சொல்ல வேண்டும். லேப்டாப்பில் ஒரு புரோகிராம் போட்டுக்கொடுத்திருந்தார். குரல் வந்தால் திரையில் ஒரு கோடு ஓடும், எத்தனை விநாடி நின்றது என்று எண் காட்டும். அந்த லேப்டாப் எங்கள் மகள் கல்லூரியில் படிக்கும்போது வைத்திருந்தது. கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போனபோது வேறு வாங்கிக்கொண்டு இதை எங்களிடம் விட்டுப்போனாள். முதல் நாள் கோடு ஒரு விநாடிகூட நிற்கவில்லை. நாலாவது பயிற்சியில் மூன்று விநாடி நின்றது. அன்றைக்கு அவள் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டாள்.

அடுத்த திங்கட்கிழமை, கரண்ட் போய் வந்ததில் வீட்டு இன்டர்நெட் பெட்டி செத்துப்போனது. செவ்வாய் மதியம் இன்டர்நெட் கம்பெனி லைன்மேன் வந்து புதுசு ஒன்றை மாட்டினார். நாற்பது வயசு இருக்கும், அதிகம் பேசாத மனிதர். பழைய பெயரையும் பாஸ்வேர்டையுமே போட்டுக்கொடுத்தார். என் போன் சேர்ந்தது, டிவி சேர்ந்தது. அவர் கிளம்பிவிட்டார். நாலு மணிக்கு அவள் லேப்டாப்பைத் திறந்தாள். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. பிறகு, ‘இந்த நெட்வொர்க்கில் இணைய முடியவில்லை’ என்று வந்தது.

எனக்குப் பொறுமை கிடையாது. பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்ப அடித்தேன். பெட்டியை அணைத்துப் போட்டேன். லேப்டாப்பில் சேமித்து வைத்திருந்த பெயரை அழித்துவிட்டுப் புதிதாகச் சேர்த்துப் பார்த்தேன். மகளுக்குப் போன் செய்து, அவள் சொன்னபடி பாஸ்வேர்டையே மாற்றினேன். லேப்டாப் சேரவில்லை. இப்போது டிவியும் சேரவில்லை. நாலரைக்கு மதுரை அம்மாவைக் கூப்பிட்டு இன்றைக்கு முடியாது என்று சொன்னேன். என் மனைவி நோட்டில் எழுதி என் முன்னால் வைத்தாள்.

“ஒரே நேரத்துல நாலு மாத்துனா, எது காரணம்னு எப்படித் தெரியும்?”

படித்தேன். பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.

மறுநாள் லைன்மேன் வந்து, பெட்டியிலிருந்து ஒரு வயரை நேராக லேப்டாப்பில் செருகினார். எல்லாம் ஓடியது. புதுப் பாஸ்வேர்டைப் போட்டு டிவியையும் மறுபடி சேர்த்துவிட்டார். “லைன் சுத்தமா இருக்கு அண்ணாச்சி. கோளாறு லேப்டாப்லதான்” என்றார். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு ரிப்பேர் கடைக்குப் போனேன். கடையின் வைஃபையில் அது உடனே சேர்ந்துவிட்டது. “இதுல ஒண்ணும் இல்லையே. வீட்டு பாக்ஸைப் பாருங்க” என்றார் கடைக்காரர். இருவரில் ஒருவர் பொய் சொல்கிறார் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். யார் மேல் கோபப்படுவது என்று தெரியாததால் இருவர் மேலும் பட்டேன்.

வெள்ளிக்கிழமை வயரைச் செருகியே பயிற்சி செய்தோம். பெட்டி வாசல் கதவுக்குப் பக்கத்தில், முன்னறைச் சுவரில் இருந்தது. வயர் இரண்டு முழம்தான். ஆகவே அவள் முன்னறையில் உட்கார வேண்டியதாயிற்று. ஆடித்தபசுத் திருவிழா சமயம். கோயிலுக்குப் போகிறவர்கள் விடாமல் தெருவில் போய்க்கொண்டிருந்தார்கள். அவள் சுவரைத் தள்ளிக்கொண்டு ‘ஆ’ என்றாள். அந்தச் சத்தம் கிழிந்த துணி மாதிரி இருந்தது. இரண்டாவது தடவை சொன்னபோது, பூத்தட்டோடு போன ஒரு அம்மா கம்பிக் கதவருகே நின்று, “என்னம்மா, உள்ள யாருக்காச்சும் மேலுக்கு முடியலையா?” என்று கேட்டார். நல்ல மனசோடுதான் கேட்டார். என் மனைவி கையைக் காட்டிச் சிரித்தாள். அவர் போனதும் லேப்டாப்பை மூடினாள்.

“இனிமே இங்கன உக்காந்து பண்ண மாட்டேன்” என்று எழுதினாள். எழுத்து கோணலாக இருந்தது.

நீளமான வயர் கேட்டு இரண்டு கடை ஏறினேன். திருநெல்வேலியிலிருந்து வர வேண்டும், திருவிழா முடியட்டும் என்றார்கள். அடுத்த செவ்வாய் என் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, அதில் லேப்டாப்பைச் சேர்த்து, உள்ளறையில் வைத்துப் பார்த்தோம். சேர்ந்தது. ஆனால் ஊரெல்லாம் கூட்டம், எல்லார் கையிலும் போன். மதுரை அம்மாவின் முகம் பாதி வார்த்தையில் அப்படியே நின்றது. இவள் குரலும் அங்கே துண்டு துண்டாகத்தான் போயிற்று. “பரவாயில்லைங்க. நான் எங்கேயும் போகப்போறதில்லை. சரியானதும் எந்த நாள்னாலும் கூப்பிடுங்க” என்றார் அவர். அந்த ஒரு வாக்கியம் மட்டும் உடையாமல் வந்து சேர்ந்தது. எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. இவளோ ஆறுதலை எதிர்பார்க்கவில்லை. என் போனை வாங்கி எதையோ பார்த்துக் குறித்துக்கொண்டாள்.

மறுநாள் புதன். மண்டியிலிருந்து வந்தபோது சோறு எடுத்து வைத்திருந்தாள். பக்கத்தில் நோட்டு திறந்திருந்தது. பக்கத்தின் நடுவில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு. லேபில் வேலை பார்க்கும்போது எழுதுவதுபோலவே எழுதியிருந்தாள்.

இடது பக்கம், ‘சேருது’: உங்க போன், டிவி. வலது பக்கம், ‘சேரல’: லேப்டாப், என் போன்.

அவள் போன் சேரவில்லை என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். ஏழு வருஷத்துப் பழைய போன். பேச முடியாதவள் போனை யார் கவனித்தார்கள்? காலையில் நான் போனபிறகு அவளே சோதித்திருக்கிறாள். கோட்டுக்குக் கீழே இப்படி இருந்தது:

“லேப்டாப், கடை வைஃபையில சேந்துச்சு. உங்க ஹாட்ஸ்பாட்லயும் சேந்துச்சு. அப்ப லேப்டாப் கெட்டுப்போகல. நம்ம வீட்டுல சேர்றது ரெண்டும் புதுசு. சேராதது ரெண்டும் பழசு. பாஸ்வேர்டு எல்லாத்துக்கும் ஒண்ணுதான். அப்ப பாஸ்வேர்டும் காரணமில்ல. புதுப் பெட்டி கேக்குற ஏதோ ஒண்ணு பழசுகளுக்குத் தெரியல.”

இரண்டு தடவை படித்தேன். மூன்றாவது தடவை படிக்கும்போது சோறு ஆறிப்போயிருந்தது.

என் போனை எடுத்து இரண்டு இடங்களைக் காட்டினாள். ஹாட்ஸ்பாட் அமைப்பில் பாதுகாப்பு வகை என்ற இடத்தில் ‘டபிள்யூ-பி-ஏ 2’ என்று இருந்தது. எங்கள் வீட்டு வைஃபையின் விவரத்தில் அதே இடத்தில் ‘டபிள்யூ-பி-ஏ 3’. இரண்டையும் மூன்றையும் விரலால் மாறி மாறித் தொட்டாள். வைஃபையில் நம் பேச்சு காற்றில்தான் போகிறது. வெளியாள் கேட்காதபடி அதைப் பூட்டி அனுப்புகிறார்கள். அந்தப் பூட்டில் இப்போது புது வகை வந்திருக்கிறது. புதுப் பெட்டி அந்த ஒரு வகையைத்தான் ஏற்றுக்கொண்டது. பழைய லேப்டாப்புக்கு அது பழக்கமில்லை. லைன்மேன் சொன்னதும் உண்மை, கடைக்காரர் சொன்னதும் உண்மை.

லைன்மேனுக்குப் போன் செய்தேன். கடையநல்லூரில் ஏணி மேல் நிற்பதாகச் சொன்னார். விஷயத்தைச் சொன்னேன்.

“அண்ணாச்சி, உண்மையச் சொல்லுதேன். இந்தப் பெட்டி எங்களுக்கே புதுசு. எனக்கு இது தோணல. கீழ இறங்கி வாரேன், லைன்லயே இருங்க.”

ஒரு வேப்பமரத்தடியில் வண்டி மேல் உட்கார்ந்துகொண்டார் என்று பிறகு சொன்னார். அரைமணி நேரம் எங்களோடு இருந்தார். லேப்டாப்பை வயரில் செருகி, பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த எண்ணை பிரவுசரில் அடித்து, பெட்டியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தோம். அவள் சந்தேகத்தை எழுதுவாள், நான் வாசிப்பேன், அவர் பதில் சொல்லுவார்.

“அண்ணாச்சி, கொஞ்சம் மெதுவா. எனக்குக் காது நல்லாவே கேக்கும்” என்றார் நடுவில்.

இவள் தோள் குலுங்கச் சிரித்தாள். சத்தமில்லாத சிரிப்பு. ஆபரேஷனுக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பாதுகாப்பு வகைக்கு நேராக மூன்று நாலு தேர்வுகள் இருந்தன. பூட்டே இல்லாமல் திறந்துவிடுகிற தேர்வும் ஒன்று. சீக்கிரம் முடியட்டும் என்று, “அதையே போட்டா என்ன?” என்றேன். அவள் எழுதினாள்: “தெருவே கேக்கும்.” லைன்மேனும் அதையேதான் சொன்னார். “ரெண்டும் மூணும் சேந்து ஒண்ணு இருக்கும் பாருங்க. அதப் போட்டா புதுசும் சேரும், பழசும் சேரும். தப்பாப் போனா நான் வந்து சரி பண்ணுதேன், பயப்படாதீங்க.”

அதைத் தேர்ந்து சேமித்தாள். பெட்டியின் விளக்குகள் எல்லாம் அணைந்து, ஒவ்வொன்றாக எரிந்தன. லேப்டாப்பில் பழைய பெயரை அழித்தாள். வயரைப் பிடுங்கினாள். பாஸ்வேர்டை அடிக்க நான் கையை நீட்டினேன். அவள் என் கையை மெதுவாக நகர்த்திவிட்டு, ஒவ்வொரு எழுத்தாக அவளே அடித்தாள். வட்டம் சுற்றியது. நான் லைன்மேனிடம் “சுத்துது, சுத்துது” என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். பிறகு சேர்ந்துவிட்டது.

திறந்த லேப்டாப்பை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு முன்னறையிலிருந்து சமையலறைக்கும், அங்கிருந்து உள்ளறைக்கும் நடந்தாள். எங்கேயும் அறுபடவில்லை. கட்டிலில் வைத்துவிட்டு வந்து நோட்டை எடுத்தாள். நன்றி சொல்லச் சொல்வாள் என்று நினைத்தேன். “அவரு மதியம் சாப்பிட்டாரான்னு கேளுங்க” என்று எழுதியிருந்தாள்.

“இனிமேதான்னு அக்காகிட்ட சொல்லுங்க” என்றார் அவர். மணி மூன்றைத் தாண்டியிருந்தது.

மதுரை அம்மா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மறுநாள் வியாழக்கிழமையே நேரம் ஒதுக்கினார். உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவள் பயிற்சி செய்தாள். டிவியை அணைத்துவிட்டு நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். கிழிந்த சத்தம்தான். ஆனால் யார் கேட்பார்களோ என்ற கூச்சம் அதில் இல்லை. முழு மூச்சும் எடுத்துச் சொன்னாள். கதவைத் திறந்து வந்து ஐந்து விரலைக் காட்டினாள். ஐந்து விநாடி.

இதெல்லாம் ஒரு பெரிய காரியமா என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு பெட்டியில் ஒரு தேர்வை மாற்றியதுதான். எனக்கு அது அப்படித் தோன்றவில்லை. ஏணியிலிருந்து இறங்கி வந்து, பசியோடு, தனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதரை நினைத்துக்கொள்கிறேன். ‘நான் எங்கேயும் போகப்போறதில்லை’ என்று சொன்னவரையும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த ஒன்பது நாளும் என் கத்தலுக்கு நடுவில் வாயில்லாமல் உட்கார்ந்து யோசித்தவளை. அவள் முதல் நாளே எழுதியதை நான் நின்று படித்திருந்தால் அது ஒரே நாளில் முடிந்திருக்கலாம். அவள் எழுதுவதை முழுசாகப் படிக்கிற பழக்கம் அதற்குப் பிறகுதான் எனக்கு வந்தது.

குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. புரட்டாசியில் சொற்கள் வந்தன. ஐப்பசியில் வாக்கியங்கள். பழைய குரல் இல்லை. கனத்து, கரகரப்பாக இருக்கும். பொழுது சாய்ந்தால் களைத்துவிடும். அதனால் அவள் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் இருக்கப் பழகிவருகிறேன். சில நாள் முடிகிறது.

மழைக்காலத்தில் ஒரு நாள் லைன் அறுந்து லைன்மேன் வந்தார். அவள்தான் கம்பிக் கதவைத் திறந்தாள். “வாங்க தம்பி. மழையில நிக்காதீங்க” என்றாள்.

அவர் ஹெல்மெட்டைக் கழற்றியபடி அப்படியே நின்றுவிட்டார். “அக்கா, பேசுதீங்க.”

“பேசுதேன்.”

வேலை முடிந்து டீ குடிக்கும்போது அவர் ஒரு உதவி கேட்டார். மேலநீலிதநல்லூரில் ஒரு வீட்டில் இதே புதுப் பெட்டியாம். பழைய லேப்டாப் சேரவில்லையாம். அவர்களுக்குப் போனில் சொல்லிப் புரியவைக்க அவருக்கு வரவில்லை. “நீங்க ஒரு வார்த்தை சொல்ல முடியுமா அக்கா?”

அவள் என்னைப் பார்த்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டு போனை வாங்கினாள். முன்பின் தெரியாத ஒருவரிடம், அந்தக் கரகரத்த குரலில், முதலில் என்ன செய்ய வேண்டும், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தாள். லைன்மேன் பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். நான் போய் இன்னொரு டீ போட்டேன்.