சிவப்பு அம்பும் திங்கட்கிழமை வயிற்று வலியும்

போன ஞாயிற்றுக்கிழமை காலை பால் வாங்கப் போனேன். கடைக்கார பாய் என்னைப் பார்த்ததும் பாக்கெட்டை எடுக்காமல் சிரித்தார். பக்கத்தில் நின்ற இரண்டு பெண்களும் சிரித்தார்கள். எனக்கோ நாலு பேர் பார்த்தாலே கூச்சம் பிடுங்கித் தின்னும்...

"இன்னாக்கா, கம்பெனில உன்னையே ரிஜக்ட் பண்ணிட்டாங்களா?" என்றார் பாய்.

நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர்!

யார் வேலை என்று எனக்குத் தெரியும்.

நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங் பார்க்கிறேன். தையல் பிசகியிருந்தாலோ, தோலில் சுருக்கம், கீறல் இருந்தாலோ அந்த இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஒட்டுவேன். சரிசெய்ய முடிந்தால் ஷூ திரும்பப் போகும். முடியாவிட்டால் ரிஜக்ட். குறையே இல்லாவிட்டால் பாஸ். பதினாறு வருடமாக இதே வேலை. கல்யாண வீட்டுக்குப் போனாலும் என் கண் முதலில் செருப்பைத்தான் பார்க்கும்.

அந்தக் கண்ணைக் கம்பெனியிலேயே விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும். விட்டேனா?

மகள் யாழினி நாலாவது படிக்கிறாள். அவள் நோட்டையும் பள்ளிக்கூட நாள் தவறாமல் செக் பண்ண ஆரம்பித்தேன். எழுத்துப் பிழையா — ஒரு அம்பு. கணக்கில் தப்பா — ஒரு அம்பு. நான் பத்தாவதோடு நின்றவள். அவளாவது நன்றாகப் படிக்கட்டுமே என்ற ஆசை, வேறொன்றுமில்லை.

கொஞ்ச நாளில் அவளுக்கு வயிற்று வலி வந்தது. பள்ளிக்கூடம் கிளம்பும் நேரத்தில் இட்லித் தட்டு முன்னால் சுருண்டுகொள்வாள். இரண்டு வாய்க்கு மேல் இறங்காது. சில நாள் வாந்தி. யூனிஃபார்ம் பாவாடை இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைத்துவிட்டாள். எனக்கு வேலையே ஓடவில்லை.

என் வீட்டுக்காரர் பழியைப் பிரியாணி மேல் போட்டார்.

"ஞாயித்துக்கிழமை பிரியாணி, திங்கக்கிழமை வலி ஜாஸ்தி. கரெக்டா இருக்குதா?"

ஆம்பூரில் இருந்துகொண்டு பிரியாணியை நிறுத்தினோம்! பூச்சி மாத்திரை, ஓமத் தண்ணீர் எல்லாம் கொடுத்தோம். வலி நிற்கவில்லை. பிரியாணி மட்டும்தான் நின்றது.

கடைசியில் வேலூரில் ஒரு குழந்தைகள் டாக்டரம்மாவிடம் போனோம். ரத்தம், ஸ்கேன் எல்லாம் பார்த்துவிட்டு "எல்லாமே நார்மல்" என்றார். பிறகு யாழினி பக்கம் திரும்பினார்.

"லீவு நாள்ல வலிக்குமா?"

"வலிக்காது."

"ஏன்?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "அன்னிக்கு அம்மா நோட்டு பாக்க மாட்டாங்க. அம்பு ஜாஸ்தி ஆனா ரிஜக்ட் பண்ணிடுவாங்க டாக்டர். எனக்கு ஒரே நாள்ல ஒன்பது வந்துச்சு... நோட்டுல அம்பைப் பாத்துட்டு கிளாஸ்ல பசங்ககூட என்னை ரிஜக்ட் பீஸ்னுதான் கூப்பிடுறாங்க."

கைப்பையில் இருந்த ஸ்டிக்கர் ரோலை இன்னும் உள்ளே தள்ளினேன்.

"அவ பொய் சொல்லலம்மா. பயம் மனசுல இருந்தாலும், வலி நிஜமாவே வயித்துல வரும். லீவு முடிஞ்ச திங்கக்கிழமை ஜாஸ்தியாவே வரும்" என்றார் டாக்டர். பிறகு மேஜைக்கு அடியிலிருந்து காலை நீட்டினார். கறுப்பு ஷூ.

"யாழினி, இதுவும் ரிஜக்ட் பீஸ்தான். உங்க ஊர் பஜார்ல பாதி விலைக்கு வாங்கினது. மூணு வருஷமா போடுறேன், என்ன குறைன்னே தெரியல. உனக்குத் தெரியுதா?"

யாழினி குனிந்து பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.

"இடது காலு முன்னாடி, தையல் ஒரு நூல் விலகியிருக்கு மேடம்."

சொன்னது யார்? நான்தான்! உள்ளே வந்ததும் என் பெயரைச் சொல்லவே திக்கினவள்.

டாக்டர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "போச்சு! இனிமே எனக்கு அது மட்டும்தான் கண்ணுல படும்!"

யாழினியும் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாயிற்று...

அன்றைக்கே ஸ்டிக்கர் ரோலை அவள் கையில் கொடுத்தேன். "இனிமே வீட்டுல நீதான் செக்கிங்." டீச்சரிடமும் சொல்ல வேண்டுமே. மூன்று தடவை பள்ளிக்கூட வாசல் வரை போய்த் திரும்பினேன். நாலாவது தடவை உள்ளே போய்ப் பேசினேன். நல்ல டீச்சர், வகுப்பில் அந்தப் பேச்சை நிறுத்திவிட்டார்.

வலி ஒரே நாளில் போய்விடவில்லை. வாராவாரம் கம்மியாகி, இப்போது திங்கட்கிழமை மூன்று இட்லி இறங்குகிறது. உப்புக் கூடின சாம்பாருக்கு ஒரு அம்பு, அப்பா தொந்திக்கு இரண்டு அம்பு. பிரியாணியும் வீட்டுக்குத் திரும்பிவிட்டது. அதில் அவளைவிட அவள் அப்பாவுக்குத்தான் சந்தோஷம்.

பிள்ளை வயிறு வலிக்கிறது என்றால் என்ன சாப்பிட்டாள் என்று கேட்கிறோம். சாப்பிடுவதற்கு முன்னால் நம்மிடம் என்ன வாங்கிக் கட்டிக்கொண்டாள் என்று யோசிக்கிறோமா?

சரி, பால் கடைக்கு வருகிறேன். வீட்டுக்கு வந்து கேட்டேன்.

"எதுக்குடி தூங்கும்போது என் நெத்தில ஒட்டின?"

"சுருக்கம் ஜாஸ்திம்மா."

"அப்போ ரிஜக்டா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் கிட்டே வந்து, கம்பெனியில் நான் பார்ப்பதுபோலவே என் முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"சிரிச்சா போய்டுது. பாஸ்!"

அன்று சாயங்காலம் வரை அந்த அம்போடுதான் தெருவில் சுற்றினேன் — நாலு பேர் பார்க்கட்டுமே!