ஒட்டாமல் வைத்த முடி

"ஒரு வாரம். அதுக்கு மேல அந்த மண்டைய வெச்சுட்டு உன்னால வெளிய நடமாட முடியாது. அழுதுட்டு ஊட்டுக்குத்தான் வருவே."

கத்திரியைப் பனியன் துணியில் துடைத்துக்கொண்டே என் அண்ணன் சொன்னது இது. அவன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். துணியை அடுக்கி வைத்து அவன் வெட்டினால் கோடு நூலளவும் பிசகாது என்பார்கள். அன்று அவன் கையில் இருந்தது சாம்பிள் வெட்டும் பெரிய கத்திரி. துடைத்த துணியில் இருந்தது என் ரத்தம்.

அன்று காலை மூலனூரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா என் சடையைக் கையில் எடுத்து, முருங்கைக்காய்க் கட்டைத் தூக்கி எடை பார்ப்பது போலப் பார்த்தார். "முடியே இத்தன இருக்குதுங்களே, பூ வாங்கியே எங்களுக்குக் கட்டுபடியாகாது போங்க" என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நான் காப்பித் தட்டைக் கீழே வைத்தேன்.

"எனக்கு இப்பக் கல்யாணம் வேண்டாமுங்க. வேலைக்குச் சேந்து கொஞ்ச நாள்தானுங்க ஆகுது. வீணா உங்களை வரவெச்சுட்டாங்க, மன்னிச்சுக்கோங்க" என்றேன்.

எங்கள் பக்கம் வெட்டிப் போடுவதாக இருந்தாலும் 'ங்க' போட்டுத்தான் பேசுவோம். அவர்கள் எழுந்து செருப்பைத் தேடினார்கள்.

அவர்களுடைய கார் தெருமுனை திரும்பியதும் அண்ணன் என் சடையைப் பிடித்தான். சின்ன வயதிலிருந்து என்னை இழுத்துப் போக அவனுக்கு அதுதான் கயிறு. தெருவில் விளையாடிக்கொண்டிருந்தாலும் சரி, பக்கத்து வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்தாலும் சரி, பின்னாலிருந்து வருவான், சடையைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்வான், நடப்பான். நான் பின்னோக்கி நடந்தே வீடு வந்து சேர்வேன். அன்று நிலைப்படி வரைக்கும் இழுத்துப்போய்த் தலையை நிலையில் மோதினான்.

"படிக்க வெச்சதுக்கு நல்ல மரியாதை பண்ணிப்போட்டே. இந்த முடி இருக்குதுன்னுதான இத்தன திமிரு?"

கழுத்தில் இரும்பு சில்லென்று பட்டது. சடை தடிப்பானது. ஒரே வெட்டில் போகவில்லை. கத்திரி கறுக் கறுக்கென்று மென்று மென்று வெட்டியது. நான் திமிறியதில் அதன் முனை வலது காதுக்கு மேல் ஏறி, நெற்றிப் பொட்டு வரை தோலைக் கிழித்துக்கொண்டு வந்தது. கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. சடை தரையில் விழுந்தபோது அதில் அம்மா காலையில் வைத்துவிட்ட மல்லிகைச் சரம் அப்படியே இருந்தது. அம்மா ஓடிவந்து முதலில் அந்தச் சடையைத்தான் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

குண்டடத்தில் ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். நான் மாடிப்படியில் விழுந்துவிட்டதாக அம்மா சொன்னாள். எங்கள் வீட்டுக்கு மாடியே கிடையாது. காயத்தைச் சுற்றி மழித்திருந்தார்கள், மற்ற பக்கம் எலி கடித்தது போல இருந்தது. வீட்டுக்கு வந்ததும் அம்மா நாவிதரை வரவழைத்தாள்.

"முழுசா எடுத்துரலாம் கண்ணு. பழனிக்கு வேண்டுதல்னு சொன்னா ஆரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

உண்மைதான். யாரும் கேட்கவில்லை. அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட எரிந்தது. மறுநாள் விடியற்காலையில் நான் ஒரு பையோடு கிளம்பித் திருப்பூர் பஸ்ஸில் ஏறியபோது, முன் சீட்டு அம்மாள் நகர்ந்து இடம் கொடுத்தார். "பழனிக்குப் போயிட்டு வாரீங்களா, சாமி?" என்று கேட்டுவிட்டு, என் தலைக்குக் கும்பிடு போட்டார். என் அப்பா உயிரோடு இல்லை, ஊரில் கேட்க வேறு ஆளும் இல்லை. என் அண்ணன் செய்ததற்கு முருகனையே மறைப்பாகக் கட்டிவிட்டார்கள்.

திருப்பூரில் நான் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலையில் சேர்ந்திருந்தேன். துணி வாங்கும் பையரிடம் ஆர்டர் பேசுவதிலிருந்து சாம்பிள் அனுப்புவது வரை பார்க்கிற வேலை. எங்கள் குடும்பத்தில் மற்றவர்கள் கைநாட்டு வைத்த ஊரில் நான் இங்கிலீஷில் மெயில் எழுதிக்கொண்டிருந்தேன். அந்தப் பெருமையை நான் யாருக்காகவும் குறைத்துச் சொல்வதில்லை. கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை செய்யும் ஓர் அக்கா, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர், லைன் வீட்டில் தனியாக இருந்தார். அவரிடம் போய் நின்றேன். கதவைத் திறந்தவர் என் தலையைப் பார்த்தார், தையலைப் பார்த்தார்.

"எவன்ட்டி?" என்றார். பழனியா என்று கேட்காத முதல் ஆள் அவர்தான்.

அன்றைக்கே அண்ணன் போன் செய்தான். "வெள்ளிக்கிழமைக்குள்ள நீயே வந்துரு. அவிங்க கால்ல விழுந்து அந்தச் சம்பந்தத்தையே பேசி முடிச்சுக்கறேன். வரலீன்னா கம்பெனி கேட்டுக்கே வந்து இழுத்துட்டுப் போவேன்." அதற்கு அடுத்த திங்கட்கிழமை வெளிநாட்டு பையர் வருகிறார், நான்தான் சாம்பிள்களைக் காட்ட வேண்டும். ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு வந்தால் போதும் என்றார் மேனேஜர். எனக்கு அது போதவில்லை. இந்தத் தலை அண்ணன் வெட்டிக் கொடுத்த தலை. என் தலை எப்படி இருக்க வேண்டும் என்பதை நான் முடிவு செய்ய வேண்டும். அழகாகவும் இருக்க வேண்டும். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம், அழகு நிலையச் சாமான்கள் விற்கும் கடை மாடிக்கு அக்கா என்னைக் கூட்டிப்போனார். சுவரோரம் வரிசையாக விக் மாட்டிய தெர்மோகோல் தலைகள். கழுத்தோடு அறுத்து வைத்தது போல இருந்தன. கடைக்காரம்மா வந்ததும் வராததுமாக இடுப்புவரை தொங்கும் விக் ஒன்றை எடுத்து உதறினார்.

"இத வெச்சீங்கன்னா பழையபடி ஆயிருவீங்க. ஒருத்தருக்கும் தெரியாதுங்க."

வைத்துப் பார்த்தேன். கண்ணாடியில் தெரிந்தவளை உடனே பிடித்து இழுக்கலாம். அவ்வளவு வசதியான சடை.

"சீரியல்ல வார வில்லி மாதிரில்லா இருக்க. அதக் கழத்திப் போடு" என்றார் அக்கா.

உண்மையான முடியில் செய்ததன் விலையைக் கேட்டேன். அதை வாங்கினால் நான் இரண்டு மாதத்துக்குப் பட்டினி கிடக்க வேண்டும். செயற்கை இழையில் செய்தவற்றை எடுக்கச் சொன்னேன். கம்பெனியில் பனியனைப் பார்ப்பது போலவே ஒவ்வொன்றையும் உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். வலையில் முடிவரிசை நெருக்கமாகத் தைத்திருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா, காதோரத்து எலாஸ்டிக் இழுத்தால் திரும்புகிறதா என்று பார்த்தேன். டியூப்லைட்டில் எல்லாம் கறுப்பாகத்தான் இருக்கும் என்பது எனக்குத் தெரியும். மாடிப்படிக்கு எடுத்துப்போய் வெயிலில் பிடித்தேன். ஒன்று நீலமாக அடித்தது. ஒன்று செம்பட்டை. ஒன்று பொம்மை முடியைப் போலப் பளபளத்தது. கடைசியாக ஒன்று, கறுப்பில் கொஞ்சம் பழுப்பு கலந்தது, தோள்வரைக்கும் வரும், லேசான வளைவு. முன்னால் நெற்றியில் விழும் முடி கொஞ்சம் நீளம். அதைச் சாய்த்துவிட்டால் தையல் மறைந்துவிடும்.

அதை வைத்து உட்கார்ந்தேன். நெற்றி முடி கண்ணை மறைத்தது. "இருங்க, கொஞ்சம் நறுக்கிட்டா எடுப்பா இருக்கும்" என்று கடைக்காரம்மா பின்னாலிருந்து சொன்னது காதில் விழவில்லை. கத்திரி திறக்கும் சத்தம் மட்டும் விழுந்தது.

நான் எழுந்ததோ திரும்பியதோ எனக்கு நினைவில்லை. அந்த அம்மா ஷோகேஸில் போய் மோதிக் கீழே உட்கார்ந்திருந்தார். கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. தெர்மோகோல் தலை ஒன்று முடியோடு தரையில் உருண்டது. அவருடைய மணிக்கட்டில் என் நகம் பதிந்து ரத்தம் முத்துக்கட்டியது. நான் இன்னும் கையை ஓங்கிக்கொண்டு நின்றேன். அக்கா இடுப்பைக் கட்டிப்பிடித்து இழுத்தார்.

"கடக்காரங்கட்டி! வேற ஆளுட்டி! விடு!"

விக் ஒரு பக்கம் சரிந்து தையல் வெளியே தெரிந்தது. கடைக்காரம்மா அதைப் பார்த்தார். மெல்ல எழுந்து, சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு, விழுந்த கத்திரியை எடுத்துப் பிடியை என் பக்கம் திருப்பி நீட்டினார்.

"நீங்களே வெட்டிக்கோங்க. ஆனா கோணலாப் போனா நான் பொறுப்பில்லீங்க."

நானே வெட்டினேன். கொஞ்சம் கோணல்தான். ஆனால் கண்ணாடியில் ஒரு புது ஆள் இருந்தாள். கழுத்து நீளமாக, தாடை கூர்மையாக. என் தாடை அவ்வளவு அழகு என்பது எனக்கு அதுவரை தெரியாது.

"டேப் போட்டு ஒட்டித் தந்தர்றனுங்க" என்றார் கடைக்காரம்மா. காயம் ஆறும் வரை பசை எதுவும் தோலில் படக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததைச் சொன்னேன். கிளிப் மாட்டலாம் என்றால் மாட்டுவதற்கு எனக்கு முடியே இல்லை.

"அப்ப இது நிக்காதுங்க. எலாஸ்டிக் மட்டும்னா, பஸ் படியில நின்னாக் காத்துக்கே பறந்துரும். ஆராவது புடிச்சா கையோட வந்துரும்."

"படியில நிக்க மாட்டேனுங்க" என்றேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து ஆள்கள் கேட்டில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். நானும் அக்காவும் டீக்கடைப் பக்கம் திரும்பினோம். பின்னால் பைக் நிற்கும் சத்தம் கேட்டது. திரும்புவதற்குள் தலையில் அந்தக் கை விழுந்தது. எனக்கு நன்றாகத் தெரிந்த கை. முடியைக் கொத்தாகப் பிடித்து, விரலில் சுற்றி, முழு பலத்தையும் போட்டு ஒரு இழுப்பு இழுத்தான். துணியைத் தொட்டே இது எத்தனை கவுண்ட் நூல் என்று சொல்லிவிடும் கை அது. அந்த அவசரத்தில் அதற்கு முடிக்கும் நைலானுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

என் தலையில் காற்றுப் பட்டது. அவ்வளவுதான் எனக்கு நடந்தது.

அவன் விக்கைப் பிடித்தபடி மல்லாக்கப் பறந்துபோய், வரிசையாக நிறுத்தியிருந்த வண்டிகள்மேல் விழுந்தான். ஒன்று சாய, அடுத்தது சாய, கடகடவென்று எல்லாம் சரிந்தன. ஒரு வண்டியின் ஹேண்டில் அவன் வாயில் இடித்து உதடு பிளந்தது. கையில் இருந்ததைப் பார்த்தான். செத்த எலியைத் தொட்டவன் போல அலறி அதை வீசினான்.

செக்கிங் பெண்கள் முதலில் வாய்விட்டுச் சிரித்தார்கள். பிறகு என் தலை அவர்கள் கண்ணில் பட்டது. சிரிப்பு அப்படியே நின்றது.

"மானத்த வாங்கிப்போட்டயேடி, நாயே!" ரத்தத்தைத் துப்பிக்கொண்டு எழுந்து வந்து என் கன்னத்தில் அறைந்தான். மறுபடி கை ஓங்கினான். பிடிக்கக் கயிறு இல்லாததால் அவன் கை ஒரு கணம் என் தலையைத் தேடித் தடுமாறியது. என் கையில் எவர்சில்வர் சாப்பாட்டு டப்பா இருந்தது. அதே வாயில் அடித்தேன். மறுபடியும் அடித்தேன். டப்பா நசுங்கியது. இரண்டு வடக்கத்திக்காரர்கள் ஓடிவந்து அவன் கைகளைப் பின்னால் முறுக்கிப் பிடித்து, இந்தியில் ஏதோ கத்தினார்கள்.

"நாங்க அண்ணன் தங்கச்சி. எங்க ஊட்டு விஷயம்" என்றான் அவன் கூட்டத்தைப் பார்த்து.

"தங்கச்சி மண்டையில இது என்னலே?" என்றார் அக்கா.

மகளிர் காவல் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் அம்மா அதைத்தான் கேட்டார். தலையில் எப்படி அடிபட்டது என்று. நான் மாடிப்படியும் சொல்லவில்லை, பழனியும் சொல்லவில்லை. வேறு யாரையும் எழுதவிடாமல் நானே காகிதம் வாங்கி, காப்பித் தட்டிலிருந்து தொடங்கி, கத்திரி, நிலைப்படி, கேட் என்று முழுவதையும் எழுதினேன். நான் அவனை அடித்ததையும் எழுதினேன். விக்கைச் சாட்சிப் பொருளாக ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொண்டார்கள்.

"திங்கட்கிழமைக்கு என்னட்டி செய்வ?" என்றார் அக்கா, வெளியே பெஞ்சில்.

"கடைக்காரம்மாவுக்கு போன் பண்ணிட்டேன். அதே மாடல் இன்னொண்ணு எடுத்து வெக்கறாங்களாம். காயம் ஆறுனதும் டேப் போட்டுத் தாரேன்னாங்க. ஆறுனாலும் வேண்டாம்னுட்டேன்."

அக்கா சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஊரிலிருந்து அம்மா போனில் கூப்பிட்டாள். அழுதாள்.

"கண்ணு, ஒண்ணும் எழுதிக் குடுத்துப்போடாதே. உங்கண்ணன் வாயெல்லாம் வீங்கிக் கெடக்கறான்னு சொன்னாங்க. பழனி வேண்டுதல்னுதான ஊரே நம்பீட்டிருக்குது? அப்படியே இருந்துட்டுப் போகட்டுமே."

"எழுதிக் குடுத்தாச்சும்மா. கையெழுத்தும் போட்டாச்சு."

அவளுக்குப் படிக்கத் தெரியாது. நான் எழுதியதன் நகல் என் மடியில் இருந்தது. அதைப் பிரித்து, முதல் வரியிலிருந்து அவளுக்குச் சத்தமாக வாசிக்கத் தொடங்கினேன்.