நகரா சொன்ன நேரம்

செங்கல்பட்டில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறேன். ஒரு ரமலான் மாதம், அச்சரப்பாக்கத்துக் கோயில் ஒன்றிலிருந்து மின்சார நகரா பழுதுபார்க்க வந்தது. பூஜை நேரத்தில் முரசையும் மணியையும் தானாகவே அடிக்கும் இயந்திரம் அது. எங்கள் பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் பாங்குக்கு முன்னால் கையால் அடிக்கிற முரசுக்கும் நகரா என்றுதான் பெயர். தட்டுவதைக் குறிக்கும் அரபுச் சொல்லில் பிறந்து, பாரசீகம், உருது என்று ஊர் சுற்றி இரண்டு வாசலுக்கும் வந்த பெயர். அது யாருக்குச் சொந்தம் என்று சண்டைக்கு வருகிறவர்களை நான் கடைப்படி ஏறவிடுவதில்லை.

மணிகளைக் கழற்றி வைத்துவிட்டு, சாயங்காலம் முரசை மட்டும் ஓடவிட்டுப் பார்த்தேன். சத்தம் கேட்டதும் பக்கத்துத் தையல்கடை பாய் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுவிட்டார். நோன்பு திறக்க இன்னும் ஆறு நிமிடம் இருந்தது.

என்னைத் திட்டித் தீர்த்தார். பெருநாள் கழிந்ததும் அந்த ஒரு நாளுக்குப் பதிலாக நோன்பு வைத்தார். தப்பு என்னுடையது என்பதால் நானும் கூடவே வைத்தேன். அன்று சாயங்காலம் இருவரும் அவர் கடையில் உட்கார்ந்திருந்தபோது பள்ளிவாசல் நகரா கேட்டது. நான் பழத்தை எடுத்துவிட்டேன். அவர் தொடவில்லை. எழுந்து போய் என் கடைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்:

"இன்னா பாய், உள்ள கோயில் நகரா எதுனா கீதா?"