மூன்றாவது வளைவில் பத்து நிமிடம்

சங்கிலி எஞ்சினை அணைக்கிறார். கை பிரேக்கை இழுத்துவிட்டுக் கீழே குதித்து, பின் சக்கரங்கள் இரண்டுக்கும் கல் வைக்கிறார். கொதிக்கும் ரேடியேட்டர் மூடியின்மேல் ஈரச் சாக்கைப் போர்த்துகிறார். குரங்குக் குல்லாயைக் கழற்றி மடக்கிக்கொள்கிறார். செருப்பை முன் சக்கரத்தின் ஓரமாக விடுகிறார். பிறகு சாலையின் விளிம்புக்குப் போய், பள்ளத்தைப் பார்த்தபடி கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்.

மணி ஐந்தேகால். லாரியில் தேயிலைக் கொழுந்து மூட்டைகளுக்குப் பின்னால் நெருக்கியடித்து நின்றுவந்த இருபத்திரண்டு பெண்கள் இறங்குகிறார்கள். காலையிலிருந்து வாய் ஓயாதவர்கள். இப்போது ஒருத்தியும் பேசவில்லை.

அந்த வளைவில் கோயில் எதுவும் கிடையாது. சூலமோ, மஞ்சள் பூசிய கல்லோகூட இல்லை. ஒரு சில்வர் ஓக் மரமும் அடியில் மழைத்தண்ணீர் ஓடும் சிறு பாலமும்தான். கோத்தகிரிக்கு அப்பால் உள்ள எங்கள் எஸ்டேட்டில், கீழ் டிவிஷனிலிருந்து தொழிற்சாலைக்கு ஏறும் நாலு மைல் சாலையின் மூன்றாவது வளைவு அது. கீழ் டிவிஷன் பள்ளிக்கூடத்தில் நான் வாத்தியார். வீடு மேலே, தொழிற்சாலைக்குப் பக்கத்தில். பஸ் கிடையாது. அதனால் ஆறு வருஷமாகச் சங்கிலியின் கொழுந்து லாரியில், அவருக்குப் பக்கத்து இடத்தில் உட்கார்ந்துதான் வீடு திரும்புகிறேன்.

சங்கிலிக்கு நாற்பத்தெட்டு வயது. குட்டையான, கட்டுமஸ்தான ஆள். காக்கிச் சட்டையின் காலர் நைந்துபோய், திருப்பித் தைக்கப்பட்டிருக்கும். லாரியை மரியாதையில்லாமல் பேசமாட்டார். "ரெண்டாவது கியர்ல இவருக்கு மூச்சு வாங்கும் சார்" என்பார். ஏற்றத்தில், "இந்தா வந்தாச்சு, இன்னுங் கொஞ்சந்தான்" என்று ஸ்டியரிங்கைத் தட்டிக்கொடுப்பார். நாங்கள் லைன் என்று சொல்லும் தொழிலாளர் வீட்டு வரிசை அவருக்கு இன்னமும் லயம்தான்; மானேஜர் தொரைதான். இலங்கையின் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, நாற்பத்தொரு வயதில், இரண்டு அரசாங்கங்களின் ஒப்பந்தப்படி, தான் ஒருநாளும் பார்த்திராத சொந்த நாட்டுக்கு அனுப்பிவைக்கப்பட்டவர்.

அவருடைய ஒருநாள் பொழுதில் சந்து கண்டுபிடிப்பது கடினம். விடியுமுன் தண்ணீர் டாங்கி. ஆறரைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு கீழ் டிவிஷன். பதினொன்றுக்கு முதல் கொழுந்து, இரண்டரைக்கு இரண்டாவது, ஐந்துக்குக் கடைசி. நடுநடுவே உரம், விறகு, குன்னூர் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய பிரசவ வலிக்காரி. வீட்டிலோ ஒரே அறை. மனைவி, நாலு பிள்ளைகள், மாமனார். "ஒருநா வீட்டுல செத்த நேரம் கண்ண மூடிக் கும்புட்டுக்கிட்டு இருந்தேன். சின்னவ வந்து என் கண்ண விரல்ல தொறந்து, 'அப்பா, தூங்குறியா செத்துட்டியா'ங்கிறா" என்று ஒரு தடவை சொன்னார்.

வளைவில் நிற்கும் பழக்கம் எழுபத்து நாலில், ஒரு மழைக்காலத்தில் வந்தது. அன்று ரேடியேட்டர் கொதித்து, லாரி அங்கேயே நின்றுவிட்டது. சூடு ஆறும்வரை அவருக்குச் செய்ய ஒரு வேலையும் இல்லை. அப்படி அவர் வேலையில்லாமல் நின்றது, இந்தியாவுக்கு வந்த இரண்டு வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

"ஆத்தா செத்துப்போச்சுன்னு அன்னிக்குத்தான் சார் எனக்குத் தெரிஞ்சுச்சு."

அவருடைய தாய் இறந்தது அதற்கு இரண்டு வருஷம் முன்பு. கப்பலுக்கு நாள் குறித்தாகிவிட்டது. அதைத் தவறவிட்டால் விசா முடிந்துவிடும். புறப்படுவதற்கு முந்தின நாள் சாயங்காலம் கிழவி கண்ணை மூடினாள். மறுநாள் காலை எட்டு மணிக்குத் தேயிலைக்கு நடுவே புதைத்தார்கள். பதினொரு மணிக்கு ஸ்டேஷனுக்கு லாரி. "மம்பட்டியக் கழுவி வச்சுட்டு ஏறுனோம். பால் தெளிக்கல, வெளக்கு வைக்கல." பிறகு ரயில், தலைமன்னார், கப்பல், மண்டபம் முகாம். போன இடமெல்லாம் வரிசை, வரிசையின் முடிவில் ஒரு மேஜை, மேஜையில் கைநாட்டு. அதன் பிறகு இந்த மலை, புதுக்காடு வெட்டு, கடைசியில் லாரி.

அன்றிலிருந்து அவர் தினமும் அங்கே நிறுத்தினார். மேற்பார்வையாளர் காரணம் கேட்டபோது, "ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்தணுங்க" என்று சொல்லிவிட்டார். அன்று முதல், தேவையிருந்தாலும் இல்லாவிட்டாலும், புறப்படுமுன் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுகிறார். "சொன்னது பொய்யாயிரக் கூடாது பாருங்க."

கடிகாரம் கட்டுவதில்லை. அணைத்த எஞ்சின் ஆறும்போது இரும்பு டிக் டிக்கென்று சத்தம் போடும். அது ஓய்ந்தால் பத்து நிமிடம் என்பது அவர் கணக்கு. நான் என் கடிகாரத்தைப் பார்த்திருக்கிறேன். பெரிய வித்தியாசம் இராது.

என்ன வேண்டிக்கொள்வீர்கள் என்று கேட்டேன்.

"வேண்டுறதுக்கு ஒண்ணுமில்ல சார். ஆத்தா பேரச் சொல்லுவேன். முருகன் பேரச் சொல்லுவேன். அப்புறம் சும்மா நிப்பேன். அந்தச் சும்மா நிக்கிறதுதான் சார் கஷ்டம். பாதி நேரம் கிளச்சு, பிரேக்கு, நாளைக்கு உர லோடுன்னு மனசு ஓடும். அது அடங்கி ஒரு ரெண்டு நிமிசம் கெடைக்கும். அந்த ரெண்டு நிமிசத்துக்குத்தான் மிச்ச எட்டும்."

பெண்கள் ஆரம்பத்தில் முணுமுணுத்தார்கள். டிரைவர் அண்ணனை எதிர்த்துப் பேச யாருக்கும் மனம் வரவில்லை. வேறு டிவிஷனிலிருந்து மாற்றலாகி வந்த வீரம்மாவுக்கு மட்டும் அந்தத் தயக்கம் இல்லை. அவளும் இலங்கையிலிருந்து வந்தவள்தான். புருஷன் இல்லை; மூன்று பிள்ளைகள். கடைக்குட்டி மேலே, தொழிற்சாலைப் பக்கத்துக் குழந்தைகள் காப்பகத்தில் இருக்கும். மேலேயே வேலை செய்யும் மற்ற தாய்மார் வந்து தத்தம் பிள்ளைகளைத் தூக்கிப் போன பிறகு, அது மட்டும் வாசற்படியில் உட்கார்ந்திருக்கும். வந்த ஐந்தாம் நாள், வளைவில் லாரி நின்றதும் அவள் கேட்டாள்.

"ஏண்ணே, சாமி ஒங்களது. நேரம் எங்களதுல்ல? எம்புள்ள அங்க அழுதுக்கிட்டு ஒக்காந்திருக்கு. அதுக்கு யாருண்ணே பதில் சொல்றது?"

சங்கிலி திரும்பிப் பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு வந்து எஞ்சினைக் கிளப்பினார். மேலே போய் இறங்கும்போது என்னிடம், "அந்தப் புள்ள கேட்டது ஞாயம் சார். இத்தன நாளா எனக்கு ஒறைக்கல" என்றார்.

மறுநாள் லாரி நிற்கவில்லை. அதற்கடுத்த இரண்டு மாதமும் நிற்கவில்லை. அந்த நாட்களில் அவர் வேறு இடங்களில் முயன்று பார்த்ததை நான் அறிவேன். விடிகாலையில் லாரி ஷெட்டில் நின்றார், மேற்பார்வையாளர் கூப்பிட்டார். தொழிற்சாலையில் மூட்டை இறக்கும்போது முன்சீட்டில் கண்ணை மூடினார். இறக்கும் ஆட்கள் அவருக்கு உடம்பு சரியில்லையென்று டீ வாங்கிவந்து எழுப்பினார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்தார், தூக்கம் வந்துவிட்டது. வளைவு வரும்போதெல்லாம் அவர் கால் தானாக ஆக்ஸிலரேட்டரிலிருந்து எழும்பும். பிறகு அழுந்தும். லாரியுடன் பேசுவதையும் அந்த நாட்களில் விட்டுவிட்டார்.

மார்கழியில் ஒருநாள் மத்தியானம், வீரம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். முதுகில் கூடை, கையில் ஒரு நீலக் கடுதாசி. இலங்கைத் தபால்தலை. படித்துச் சொல்லச் சொன்னாள். அக்கா புருஷன் எழுதியிருந்தார். அக்கா மருதாயி காய்ச்சலில் படுத்து இறந்து, அன்றோடு பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. இரண்டு வரிதான், மற்றதெல்லாம் நலம் விசாரிப்பு.

"இன்னொருக்கா படிங்க சார்."

படித்தேன்.

கடுதாசியை வாங்கி, நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "கொழுந்து நிறுவைக்கு நேரமாச்சு சார்" என்று சொல்லிவிட்டு, கூடையைச் சரிசெய்துகொண்டு தேயிலைக்குள் இறங்கிப் போனாள்.

அன்று சாயங்காலம் மூன்றாவது வளைவு வந்தபோது, எங்கள் முதுகுக்குப் பின்னால் பலகையில் யாரோ தட்டினார்கள். யாராவது விழுந்துவிட்டார்களோ என்று சங்கிலி பதறி பிரேக்கை மிதித்தார். வீரம்மாவின் குரல் கேட்டது.

"அண்ணே, ஒரு பத்து நிமிசம் நிப்பாட்டுங்கண்ணே. எங்க அக்கா செத்துப்போச்சு."

சங்கிலி எஞ்சினை அணைத்தார்.

அவள் இறங்கி முன்னால் வந்தாள். "சத்தம்போட்டு அழுகிறதுக்கு லயத்துல ஆளு இருக்குண்ணே. சும்மா நெனச்சுப் பாக்கத்தான் எடமில்ல" என்றாள். சங்கிலி தான் வழக்கமாக நிற்கும் இடத்தை அவளுக்கு விட்டு, நாலடி தள்ளிப் போய் நின்றார். வீரம்மா முந்தானையால் தலையை மூடிக்கொண்டாள். அழவில்லை. பனிமூட்டம் பள்ளத்திலிருந்து ஏறிவந்து அவள் முழங்காலைத் தொட்டது. சற்றுப் பொறுத்து இன்னொருத்தி இறங்கி அவள் பக்கத்தில் போய் நின்றாள். அப்புறம் இன்னொருத்தி. அந்த லாரியில் கடலுக்கு அந்தப் பக்கம் யாரையாவது விட்டுவிட்டு வராதவர்கள் மூன்று பேரோ நாலு பேரோதான்.

மறுநாள் வளைவுக்கு முன்பே சங்கிலி வேகத்தைக் குறைத்து, தலையை வெளியே நீட்டி, "என்னா தங்கச்சி?" என்று கேட்டார். "நிப்பாட்டுங்க" என்று பல குரல்கள் வந்தன. காப்பகத்துக்கும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். தொழிற்சாலையில் இலை பொறுக்கும் பெண்ணொருத்தி, வீரம்மாவின் குழந்தையை ஐந்து மணிக்கே தூக்கிவந்து தன்னோடு வைத்துக்கொள்வதென்று முடிவாயிற்று.

ஆனால் கொழுந்து காத்திருக்காது. மூட்டைக்குள் அடைபட்ட இலை நேரமாக ஆகச் சூடேறிச் சிவந்துவிடும். தொழிற்சாலையில் தேயிலைப் பக்குவத்துக்குப் பொறுப்பு தங்கவேலு, காரமடைப் பக்கத்துக்காரர், கறாரான மனிதர். கடைசி லோடு தினமும் தாமதமாவதைக் குறித்துவைத்து, ஒருநாள் தாமே வளைவுக்கு நடந்து இறங்கி வந்துவிட்டார். சங்கிலியின் வேலை அப்போது நிரந்தரமாகவில்லை. ஒரு மெமோ வந்தால் போதும், லாரியை வேறொருவர் ஓட்டுவார்.

"ஏனுங்க டிரைவரே, வண்டிக்கு என்னாச்சுங்க?"

தண்ணீர்க் குவளை சங்கிலியின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

"வண்டிக்கு ஒண்ணுமில்லீங்க. சும்மா நிக்கிறோம். செத்தவங்கள நெனச்சுக்கிறோம், சாமியக் கும்புடுறோம். பத்து நிமிசங்க."

"பத்து நிமிசமுன்னு உங்களுக்குத் தெரியுதுங்க. கொழுந்துக்குத் தெரியுமாங்களா?"

சங்கிலி தலையைக் குனிந்துகொண்டார். பின்னாலிருந்து வீரம்மாதான் பேசினாள்.

"ஐயா, ஒங்களுக்கு எத்தன மணிக்குக் கொழுந்து வரணும்?"

"அஞ்சரைக்கு வந்தாகோணும்."

"அஞ்சரைக்கு வரும். சாயங்கால நிறுவைய நாங்க பத்து நிமிசம் முன்ன முடிச்சுத் தர்றோம். மூட்டையையும் நாங்களே ஏத்துறோம். பிந்துனா அன்னிக்குக் கேளுங்க."

தங்கவேலு அவளைப் பார்த்தார். லாரியோரம் நின்ற பெண்களைப் பார்த்தார். "அஞ்சரைக்கு வந்துட்டாச் செரிங்க. வழியில நீங்க நிக்கிறீங்களா, ஓடறீங்களான்னு நானெதுக்குங்க கேக்கறேன்" என்று சொல்லிவிட்டு முன்சீட்டில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

இப்போது நிறுவை நடக்கும் இடத்தை நீங்கள் பார்க்கவேண்டும். தராசுக்கு முன்னால் வம்புப் பேச்சு இல்லை. இரண்டிரண்டு பேராக மூட்டையைத் தூக்கி வீசுகிறார்கள். கடைசி லோடு ஐந்தரைக்குப் போய்விடுகிறது. சங்கிலியின் வேலையும் போன வருஷம் நிரந்தரமாயிற்று.

மண்டபம் முகாமிலிருந்து குடும்பங்கள் இன்னமும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. போன வாரம் சின்னம்மை என்றொரு பெண் வந்தாள். இருபது வயதிருக்கும். இடுப்பில் பிள்ளையும் இல்லை, கூடவே ஆளும் இல்லை. என்ன நடந்தது என்று அவள் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. முதல் நாள், வளைவில் எல்லோரும் இறங்குவதைப் பார்த்து அவளும் இறங்கினாள். கொஞ்ச நேரம் மற்றவர்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பிறகு பள்ளத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பத்து நிமிடம் ஆயிற்று. பெண்கள் ஒவ்வொருத்தியாக ஏறிவிட்டார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்தரைக்கு அதிக நேரம் இல்லை. சின்னம்மை அசையவில்லை. வீரம்மா அவளைக் கூப்பிட வாயெடுத்தாள்.

சங்கிலி வீரம்மாவைப் பார்த்து வேண்டாமென்று தலையசைத்தார். ஏறுவதற்காகப் படியில் வைத்த காலை எடுத்தார். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, சாலையோரத்தில் இருந்த கல்லில் போய் உட்கார்ந்தார்.