மைசூருக்கு ஒரு பாடத்திட்டத்தைப் பார்க்கப் போனது

கொள்ளேகாலிலிருந்து மைசூர் முப்பத்தெட்டு மைல். பள்ளிக்கூட வேலையாக அங்கே போய்வர நினைக்கும் தலைமையாசிரியர்கள் இரண்டு மூன்று பேர் என்னிடம் வழி விசாரித்துவிட்டார்கள். ஆளுக்கு ஒரு தடவை சொல்வதைவிட எழுதிவிடுவது நல்லது என்று இதை எழுதுகிறேன். வழியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. போன காரியத்தைப் பற்றித்தான் என்னால் தைரியமாக எதுவும் சொல்ல முடியவில்லை.

எங்கள் பள்ளி எட்டாம் வகுப்பு வரை உள்ளது. ஊர் கோயமுத்தூர் ஜில்லாவைச் சேர்ந்தது என்பதால் பாடம் தமிழில் நடக்கிறது. பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் கன்னடம் பேசுகிறவர்கள். என்ன சொல்லிக்கொடுத்தாலும் அப்படியே மனப்பாடம் செய்வார்கள். எட்டாம் வகுப்புப் பொதுப் பரீட்சையில் வருஷா வருஷம் பாதிக்கு மேல் தவறிவிடுவார்கள். போன ஜனவரியில் நிர்வாகக் கமிட்டி என்னைக் கூப்பிட்டு, யுத்தச் செலவுகளுக்கு நடுவே இப்படி ஒரு பலனுக்காக மேல் வகுப்புகளை நடத்த முடியாது என்று சொல்லிவிட்டது. மார்ச்சுக்குள் பரீட்சைத் தேர்ச்சியைக் கூட்ட ஒரு திட்டம் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் ஆறு, ஏழு, எட்டு மூன்றையும் மூடிவிடுவார்கள்.

மைசூர்ப் பள்ளியைப் பற்றி எனக்குத் தெரியவந்தது தற்செயலாக. எங்கள் ஊர்க்காரி ஒருத்தி மைசூர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். கிறிஸ்துமஸுக்கு வந்தவள் தன் மகளோடு என்னைப் பார்க்க வந்தாள். நான் வைத்திருந்த கன்னடப் பத்திரிகையை அந்தச் சிறுமி எடுத்து, யாரும் சொல்லாமலே நாலு வரி படித்து, நடுவில் ஒரு சொல்லில் நின்று, இது என்ன என்று கேட்டாள். நான்காம் வகுப்பு. எங்கள் ஏழாம் வகுப்பில் புத்தகத்துக்கு வெளியே நாலு வரி படிக்கிறவர்கள் யார் என்று அன்று ராத்திரி முழுக்க யோசித்தேன். அவள் படிக்கும் பள்ளியின் தலைமையாசிரியை எஸ்தர் அம்மாள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, வந்து பார்க்கலாமா என்று எழுதினேன். வியாழக்கிழமை வந்து சனிக்கிழமை வரை இருங்கள், சனிக்கிழமைக் கூட்டத்தைப் பார்க்காமல் போகாதீர்கள் என்று பதில் வந்தது.

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை காலை ஏழு மணி பஸ்ஸில் கிளம்பினோம். கூட வந்தவர் எங்கள் பள்ளியின் கணக்கு வாத்தியார் முத்துசாமி. அனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம்; எதையும் லேசில் நம்பாதவர், அதனால்தான் அவரை அழைத்துப் போனேன். பெட்ரோல் இல்லாத காலம், ஆகவே பஸ் கரிப்புகையில் ஓடுகிறது. பின்னால் பெரிய அடுப்பு மாதிரி ஒரு உருளையை மாட்டியிருக்கிறார்கள். கட்டணம் ஒன்றேகால் ரூபாய். பின் ஆசனத்தில் உட்காராதீர்கள்; நரசிப்புரம் போவதற்குள் சட்டை கறுத்துவிடும். மேடு வந்தால் இறங்க வேண்டியிருக்கும் என்பதால் ஜன்னலோரமும் வேண்டாம், படிக்கட்டுப் பக்கம் உட்காருங்கள். நாங்கள் இரண்டு இடத்தில் இறங்கி நடந்தோம். "எறங்கி நடங்க சாமி, கரி இன்னும் புடிக்கல" என்று டிரைவர் அமைதியாகச் சொல்லிவிட்டு, தானும் பீடியோடு நடந்து வந்தார்.

சமஸ்தான எல்லையில் மூட்டைகளைத் திறந்து பார்த்தார்கள். அரிசி, ராகி எதுவும் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகக்கூடாது. கட்டுச்சோறு கொண்டுபோகலாம். நரசிப்புரத்தில் கபினிப் பாலத்தருகே அரை மணி நேரம் நிற்கும், அங்கே சாப்பிட்டுக்கொள்ளலாம். மைசூர் போய்ச் சேரும்போது மத்தியானம் பன்னிரண்டு தாண்டிவிட்டது. அக்ரஹாரத்தில் ஒரு சாப்பாட்டு விடுதியின் மாடியில் இரண்டு பேருக்கு ஒரு அறை, நாளுக்கு ஒரு ரூபாய். சுத்தமாக இருந்தது. அங்கிருந்து பள்ளிக்கூடம் இருக்கும் லஷ்கர் மொகல்லாவுக்கு ஜட்காக்காரர் ஆறணா கேட்பார், நான்கணாவுக்கு வருவார்.

வெள்ளிக்கிழமை முழுக்க வகுப்புகளில் உட்கார்ந்திருந்தோம். எஸ்தர் அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். உயரமானவர், மெதுவாகப் பேசுகிறவர். பிறந்து வளர்ந்ததெல்லாம் மைசூர்தான். பள்ளியில் பாடம் கன்னடத்தில். பிள்ளைகளில் பலர் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள் என்பதால் முதல் இரண்டு வருஷம் எதையும் தமிழிலும் சொல்லிப் புரியவைத்துவிட்டே கன்னடத்துக்குப் போகிறார்கள். எங்கள் ஊரில் இதைத் தலைகீழாகச் செய்திருக்கலாம். தலைமையாசிரியராக இருந்த பதினொரு வருஷத்தில் அது என் புத்தியில் படவில்லை.

இதெல்லாம் எப்படி ஆரம்பித்தது என்று கேட்டேன்.

"பரீட்சைக்குக் காகிதம் கெடைக்காமப் போனதால சார்" என்றார். "எழுத வைக்க முடியல, ஒவ்வொருத்தரையா கூப்பிட்டுக் கேட்டோம். அப்பதான் தெரிஞ்சது, இத்தனை வருஷமா நாங்க சும்னே மார்க் போட்டிருக்கோம்னு."

'சும்னே' என்பது மைசூர்த் தமிழர் வாயில் ஒட்டிக்கொண்ட கன்னடச் சொல். நம் 'சும்மா'தான்.

முழு மார்க் வாங்கிய பிள்ளைகளுக்குப் புத்தகத்தில் இல்லாத ஒரு வரியைப் படிக்கத் தெரியவில்லையாம். அந்த வருஷம் அவர் முதல் நான்கு வகுப்புகளின் ஆசிரியைகள் நான்கு பேரையும் உட்காரவைத்து, முதல் வகுப்பு முடிக்கிற ஒரு பிள்ளைக்கு என்னென்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்தார். எந்தப் பாடம், எந்தப் பக்கம் என்பதை அதற்குப் பிறகுதான் தேர்ந்தெடுத்தார்கள். வாரத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக அழைத்து, செய்யச் சொல்லிப் பார்ப்பார்கள். தெரியவில்லை என்றால் அடுத்த வாரத்துப் பாடம் மாறும். அந்த முதல் வகுப்புப் பிள்ளைகள் மேலே போகப் போகத் திட்டமும் அவர்களோடு மேலே போனது. இப்போது அவர்கள் நான்காம் வகுப்பில் இருக்கிறார்கள். அதற்கு மேலே எல்லாம் பழைய முறைதான்.

முத்துசாமி நான்காம் வகுப்பில் ஒரு பெண்ணைச் சோதித்துப் பார்க்க அனுமதி கேட்டார். லில்லி என்று பெயர், ஒன்பது வயது. நாற்பது முழப் பக்கமுள்ள ஒரு சதுர வயலைச் சுற்றிக் கயிறு கட்ட வேண்டும், எத்தனை முழம் வேண்டும் என்று தமிழில் கேட்டார். அவள் சிலேட்டை எடுக்கவில்லை.

"உள்ள போக வழி விடணுமா சார்?" என்றாள்.

 நாலு முழம் வழி விடலாம் என்றார் முத்துசாமி. நூற்றைம்பத்தாறு என்று சொல்லிவிட்டு அவள் இடத்துக்குப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் விடுதியில் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. "இருவது வருசமா இந்தக் கணக்கைக் கேக்கறனுங்க" என்றார். "நூத்தறுவதும்பாங்க, இல்லாட்டி முளிப்பாங்க. ஒருத்தருங்கூட என்னையத் திருப்பிக் கேட்டதில்லீங்க."

மூன்று நாளில் எனக்கு நம்பிக்கை இருந்தது அந்த ஒரு சாயங்காலம்தான். ஊருக்குப் போனதும் கமிட்டி முன்னால் எப்படிப் பேச வேண்டும் என்று மனசுக்குள் பேசிப் பார்த்தபடி அக்ரஹாரத் தெருக்களில் நடந்தேன்.

சனிக்கிழமைக் கூட்டம் காலை ஒன்பதுக்குத் தொடங்கியது. நான்கு ஆசிரியைகளும் எஸ்தர் அம்மாளும் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள், நாங்கள் சுவரோரம். இரண்டாம் வகுப்பு ஆசிரியை, தன் பிள்ளைகளில் ஒன்பது பேருக்குக் கடன் வாங்கிக் கழிக்கத் தெரியவில்லை என்றார். யாரும் அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை, அவரையும் சொல்லவில்லை. எப்படிச் சொல்லிக்கொடுத்தீர்கள் என்று கேட்டார்கள். அவர் செய்து காட்டினார். மூன்றாம் வகுப்பு ஆசிரியை தான் குச்சிக் கட்டுகளைப் பிரித்துக் காட்டுவதைச் சொன்னார். புதுப் பாடத்தை ஒரு வாரம் தள்ளிப்போடலாமா, இன்ஸ்பெக்டர் வந்தால் எந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள் என்றுதானே கேட்பார் என்று ஒருவர் பயந்தார். அதைப் பற்றிக் கொஞ்சம் வாக்குவாதம். ஒரு பள்ளியின் பெரியவர்கள் உட்கார்ந்து, பிள்ளைக்கு ஏன் புரியவில்லை என்று மட்டும் ஒன்றரை மணி நேரம் பேசுவதை நான் என் உத்தியோகத்தில் முதல் தடவையாகப் பார்த்தேன்.

கூட்டம் முடிகிற நேரத்தில் பள்ளிக் கமிட்டியின் காரியதரிசி வந்தார். சர்க்கார் கச்சேரி உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், மரியாதையான மனிதர். விருந்தாளிகள் இருக்கிறார்கள் என்று தயங்கினார். இருக்கட்டும், சொல்லுங்கள் என்றார் எஸ்தர் அம்மாள். ஜூன் மாசத்திலிருந்து புதுத் தலைமையாசிரியர் வருகிறார், எல்லா வகுப்புக்கும் மாதப் பரீட்சையும் மார்க்கும் மறுபடி வரும் என்று அவர் சொன்னார். தாய் தகப்பன்மார் தங்கள் பிள்ளை எத்தனையாவது ராங்க் என்று கேட்கிறார்கள், பதில் சொல்ல முடியவில்லை. அதைவிட முக்கியம், மூன்று வருஷமாக எட்டாம் வகுப்புத் தேர்ச்சி பழையபடியேதான் இருக்கிறது. இத்தனை மாற்றத்துக்கும் பலன் எங்கே?

எஸ்தர் அம்மாள் குரலை உயர்த்தவில்லை.

"எட்டாம் கிளாஸ்ல இருக்கிறவங்க பழைய முறையில படிச்சவங்க சார். நான் மாத்தினது முதல் கிளாஸ்லேருந்து. என் பிள்ளைங்க இன்னும் எட்டாம் கிளாஸுக்கே வரல."

"கமிட்டிக்கு அது தெரியும் அம்மா" என்றார் காரியதரிசி. "ஆனா இன்னும் நாலு வருஷம் நாங்க யாருக்கும் பதில் சொல்லிட்டிருக்க முடியாது."

எஸ்தர் அம்மாள் விரும்பினால் நான்காம் வகுப்பு ஆசிரியையாக இருந்துகொள்ளலாம் என்று சொல்லிவிட்டு, எங்களையும் கும்பிட்டுவிட்டுப் போனார். ஆசிரியைகளில் ஒருவர் அழுதார். எஸ்தர் அம்மாள் அவருக்குத் தண்ணீர் கொடுத்தார். பிறகு உட்கார்ந்து, திங்கட்கிழமை அந்த ஒன்பது பேரை யார் எடுத்துக்கொள்வது, எத்தனை மணிக்கு என்று முடிவு செய்தார். குச்சிகள் போதுமா என்று கேட்டார். வெளியே வரும்போது அவரிடம் விடைபெற்றேன். எங்கள் முறையை எடுத்துக்கொண்டு போங்கள் சார், நீங்களாவது முதல் வகுப்பிலேயே ஆரம்பியுங்கள் என்றார். ஆறு, ஏழு, எட்டைக் காப்பாற்றத்தான் வந்தோம் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? சரி அம்மா என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ். கபினிப் பாலத்தருகே பஸ் நின்றபோது முத்துசாமி பேச்செடுத்தார்.

"நம்ம கமிட்டி நாலு மாசம் பொறுக்காதுங்க" என்றார். "அங்க தேர்ச்சி எப்பிடின்னு கேப்பாங்க. நெம்ப நல்லாயிருக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லிப் போடுங்க. யாரு போயிப் பாக்கப் போறாங்க?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். எல்லையில் திரும்பவும் மூட்டையைத் திறந்தார்கள்.

மார்ச் முதல் வாரத்தில் கமிட்டி கூடியது. லில்லியைப் பற்றிச் சொன்னேன், சனிக்கிழமைக் கூட்டத்தைப் பற்றிச் சொன்னேன். தலைவர் கவனமாகக் கேட்டார். உங்களுக்கு அங்கே எல்லாம் பிடித்திருக்கிறது என்று தெரிகிறது, எட்டாம் வகுப்பில் அங்கே எத்தனை பேர் தேறுகிறார்கள் என்றார். முத்துசாமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பழையபடிதான், அதற்குக் காரணம் உண்டு என்று தொடங்கினேன். காரணத்தை முழுவதும் சொல்ல விட்டார்கள். கேட்டுவிட்டு, கேட்காதது போலவே முடிவு செய்தார்கள். பொய் சொல்லியிருந்தால் இன்னும் ஒரு வருஷம் கிடைத்திருக்கும். ஒரு வருஷத்தில் ஒன்றும் ஆகியிருக்காது, அடுத்த மார்ச்சில் அந்தப் பொய்யும் வெளியே வந்திருக்கும். இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஜூனிலிருந்து எங்கள் பள்ளி ஐந்தாம் வகுப்பு வரைதான். பையன்களில் சிலர் சாமராஜநகருக்குப் போவார்கள். ஆறாம், ஏழாம் வகுப்புப் பெண்களின் வீடுகளுக்கெல்லாம் நடந்து போய்க் கேட்டேன். ஒரு வீட்டிலும் வெளியூருக்கு அனுப்புவதாக இல்லை. ஒரு தகப்பனார், எட்டாவது வரை போயிருந்தாலும் தவறியிருப்பாள்தானே என்று என்னைச் சமாதானப்படுத்தினார். முத்துசாமி ரேஷன் ஆபீஸில் வேலைக்கு எழுதிப்போட்டிருக்கிறார், கிடைத்துவிடும். எனக்கு முதல் வகுப்பு மிச்சமிருக்கிறது. அதைக் கொண்டு என்ன செய்யலாம் என்று யோசிக்க உட்காருகிறேன், இன்னும் நாலு வருஷமா என்று அந்த மைசூர்க் காரியதரிசியின் குரல் கேட்கிறது, எழுந்துவிடுகிறேன்.

போக நினைக்கிறவர்களுக்கு என் யோசனை. வகுப்புகளைப் பார்த்தால் பாதிதான் தெரியும், சனிக்கிழமைக் கூட்டத்தில் உட்கார அனுமதி கேளுங்கள். கேள்வியை எப்படி அமைக்கிறார்கள் என்று பாருங்கள், பதிலை அல்ல. உங்கள் கமிட்டியில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். வாத்தியாரை அழைத்துப் போய்ப் பயனில்லை, அவருக்கு ஏற்கெனவே தெரியும். கோடை விடுமுறை ஏப்ரல் நடுவில் விடுகிறார்கள், அதற்குள் போய்விடுங்கள்.

ஜூனுக்குப் பிறகு போனாலும் மைசூரில் பார்ப்பதற்கு நிறைய இருக்கிறது. அரண்மனையை வெளியிலிருந்து பார்க்கலாம். சாமுண்டி மலைக்குப் படி நன்றாக இருக்கிறது. தசரா சமயத்தில் மட்டும் அறை கிடைப்பது கஷ்டம், முன்கூட்டியே எழுதிப்போடுங்கள்.