மே பரீட்சையா, டிசம்பர் பரீட்சையா

அப்பாவின் விரல் பட்ட இடமெல்லாம் வெள்ளியாய் மினுங்கும்...

பட்டாசு ஆலையில் அலுமினியப் பவுடர் கலக்கிற வேலை. எவ்வளவு சோப்பு போட்டாலும் நகக்கண்ணில் கொஞ்சம் ஒட்டியிருக்கும். நான் வாங்கி வந்த இரண்டு யுனிவர்சிட்டி பிராஸ்பெக்டஸிலும் அந்த விரல்தடம் விழுந்திருந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள். எனக்குப் பதினெட்டு முடிந்திருந்தது. பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். நாரணாபுரத்திலிருந்து டவுன் பஸ் ஏறி, சிவகாசியில் ஒரு அச்சகத்தில் காலண்டரின் மேல்விளிம்பில் தகரப்பட்டை அடித்துக்கொண்டிருந்தேன். யாரிடமும் அதிகம் பேச மாட்டேன்.

ஆபீஸில் ஆர்டர் எடுக்கும் பாத்திமா அக்காதான் என்னைக் கிளப்பிவிட்டார்.

"பிளஸ் டூ இல்லாமலே தபால்ல பி.பி.ஏ. படிக்கலாம் செல்வி. நான் கல்யாணமாகிப் போனா, இந்த சீட்டுக்கு டிகிரி உள்ள ஆளத்தான் முதலாளி தேடுவாரு."

அந்த சீட்டின் மேல் எனக்கு ஆசை வந்துவிட்டது.

நான் பிராஸ்பெக்டஸ் வாங்கிய இரண்டுமே பெரிய யுனிவர்சிட்டி. பஸ் ஸ்டாண்டு சுவரில் இரண்டின் போஸ்டரும் அடுத்தடுத்து ஒட்டியிருக்கும். ஒன்றில் பரீட்சை மே மாதம், மதுரைக்குப் போய் எழுத வேண்டும். இன்னொன்றில் டிசம்பர், சிவகாசியிலேயே எழுதலாம்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார் அப்பா. "டிசம்பர்தான். தீபாவளி முடிஞ்சிரும், வேலை இருக்காது. கால நீட்டி உக்காந்து படிக்கலாம்."

அம்மாவும் சேர்ந்துகொண்டார். "மதுரைக்கெல்லாம் ஒத்தையில அனுப்ப முடியாதுங்க. இவ பஸ்ல டிக்கெட் கேக்கவே வாயத் தொறக்க மாட்டா."

தீபாவளி முடிந்தால் பட்டாசு ஆலைகளுக்கு லீவு. எங்கள் தெருவில் கல்யாணம், காதுகுத்து, வீட்டுக்கு வெள்ளையடிப்பது எல்லாமே தீபாவளிக்குப் பிறகுதான். ஆனால் காலண்டர் அச்சகத்தில் அப்போதுதான் வேலை நெரிக்கும். டிசம்பரில் காய்ச்சல் என்றாலும் லீவு கிடையாது. நான் இருட்டிய பிறகு வீடு திரும்புவது அப்பாவுக்கும் தெரியும்தான். இருந்தாலும் லீவு என்றால் அவருக்குத் தீபாவளிக்குப் பிந்திய நாட்கள்தான்.

அப்படியும் அப்பா சொன்னதற்குத் தலையை ஆட்டிவிட்டேன்.

மறுநாள் மதியச் சாப்பாட்டில், எந்தப் பரீட்சை என்று பாத்திமா அக்கா கேட்டார். டிசம்பர் என்றேன். சோற்றுக் கையோடு சிரித்தார்.

"அடியே... நீ பரீட்சை எழுதப் போயிட்டா, தகரம் அடிக்க உங்கப்பாவா வருவாரு? போய் வாயத் தொறந்து சொல்லு."

அன்று சாயங்காலம் அப்பா பேனாவோடு உட்கார்ந்துவிட்டார். டிசம்பர் யுனிவர்சிட்டியின் விண்ணப்பம் மடியில் இருந்தது.

"அப்பா... தீபாவளி முடிஞ்சா உங்களுக்குத்தான் லீவு. எங்களுக்கு அப்பத்தான் சீசனே."

"ஆத்தாடி, இவ பேசுறா!" என்றார் அம்மா.

அப்பா சுவரைப் பார்த்தார். நான் தகரம் அடித்த காலண்டர்தான் அங்கே தொங்கியது.

"ஆமால்ல... போன டிசம்பர் பூரா நீ தூங்கி விழுந்துக்கிட்டேல்ல சாப்பிட்ட."

பேனாவை மூடினார். "சரி, மதுரை. நானும் கூட வாரேன்."

தீபாவளிக்குச் சரக்கு தயாராகும் மே மாதத்தில் ஆலையில் லீவு கேட்டால் முறைப்பார்கள். அப்படியும் வந்தார். பரீட்சை முடிகிற வரை வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்திருந்தார். வெளியே வந்ததும் எப்படி எழுதினாய் என்று கேட்கவில்லை. "சாப்பிடுவமா?" என்றார்.

பாத்திமா அக்காவின் சீட்டில் இப்போது நான் இருக்கிறேன். அன்று ஒரு வரி சொல்லத் திணறியவளுக்கு இன்று நாள் முழுக்கப் போனில் பேசுவதுதான் வேலை... அக்கா கேட்டால் சிரிப்பார்.

அப்பா ஆலைக்குப் போவதை நிறுத்திவிட்டார். விரல்கள் சுத்தமாகிவிட்டன. ஆனாலும் தீபாவளி முடிந்ததும் ஆபீஸுக்கு அவரிடமிருந்து போன் வந்துவிடும்.

"என்னம்மா, லீவு விட்டாச்சா?"

"எங்களுக்கு இப்பத்தான்ப்பா சீசன்."

"ஆமால்ல..." என்பார், அன்று போலவே.